சீசன் கழிச்சு வாங்க

எங்கள் வெண்ணாடியில் அருவி வருஷத்துக்கு நாலு மாதம்தான் விழும். மீதி எட்டு மாதமும் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

அருவி விழுந்தால் ஊரே வேறு. ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் போதும், எண்ணெய் தேய்த்த தலைகளும் ஈரத் துண்டுகளும் வேன்களுமாக ரோடு நிறைந்துவிடும். உள்ளூர்க்காரன் தன் வீட்டுக்குப் போக அடுத்தவனிடம் வழிவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். அந்த நாலு மாதமும் எங்கள் ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

தையல்காரரிடம் சட்டைத்துணியை நீட்டினால், "சீசன் கழிச்சு வாங்க." பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினால், "சீசன் கழிச்சு வாங்க." பல்வலி என்று போனால் பல் டாக்டரும் அதையேதான் சொல்வார். பாவம், அவர் வீட்டு மாடி முழுக்க வெளியூர்க்காரர்கள் படுத்திருப்பார்கள். இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்கிறவனும் காலையில் வேறொருத்தனிடம் அதையேதான் சொல்லியிருப்பான்.

அருவிக்கரை ரோட்டில் சாரல் விலாஸ் ஓட்டல் நடத்தும் தெய்வநாயகமும் இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குக் கிழக்கே ஒரு சின்ன மடம் உண்டு. அங்கே இருந்த பெரியவர் சமாதியாகும் முன் தன்னைத் தேடி வருகிறவர்களைக் கூப்பிட்டு, "இனிமே கேள்வி இருந்தா ஆவுடையைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடைத்தாய் அதுவரை அந்த மடத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது முப்பத்தாறு. வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள்.

தெய்வநாயகம் நிற்கவில்லை. முதல் வருஷம், "என் மக வயசு இருக்குமா இந்தப் பிள்ளைக்கு?" என்று முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இரண்டாம் வருஷம் ஆவுடையம்மா உள்ளே வந்தால் எழுந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் இதைப் பழகிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

இந்த மாசியில் ஒரு நாள் அவர் மடத்துக்குப் போனார். ஊரில் இரண்டு நாளாக மேகம் இறங்கிக் கிடந்தது. எப்போதாவது இப்படி ஒன்று வரும். மழையும் தராது, வெயிலையும் விடாது. ஆவுடையம்மா பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தெய்வநாயகமும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"கடையை மூடவா, நடத்தவா?"

"இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?"

"லாட்ஜ்காரங்க கார் நிறுத்த இடம் தேடுதாங்க. என் கடை இருக்கிற இடம் அவங்களுக்குத் தோதா இருக்காம். கட்டடத்துக்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லச் சொல்லிட்டாரு. மூடினா கோயம்புத்தூர்ல மகன் வீட்டுக்குப் போயிரலாம். வீட்டுல அவளும் அதைத்தான் சொல்லுதா."

"போங்களேன்."

தெய்வநாயகம் கீரையைக் கீழே வைத்தார்.

"அங்க நான் என்ன செய்ய? பேரனை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு டிவி பாக்கணும். எனக்கு நாலு பேருக்கு இலை போட மட்டும்தான் தெரியும் அம்மா. அது இல்லைன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியலை."

ஆவுடையம்மா உருவிய கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். பிறகு கேட்டார், "கடை ஏன் ஓடலை?"

இந்தக் கேள்விக்குத் தெய்வநாயகத்திடம் பதில் நிறைய இருந்தது.

"அருவி வத்திட்டு. ஆள் வரத்து இல்லை. சீசன்லகூட வேன் டிரைவர் எங்க நிறுத்துதானோ அங்கதான் சனம் சாப்பிடுது. எதிர்க்கடையில டிரைவருக்குத் தனி ரூம் போட்டு பிரியாணி கொடுக்கான். என் மாஸ்டர் சீசன் முடிஞ்ச அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருதாரு. வடக்க இருந்து வாரவங்களுக்காக நூத்திநாப்பது ஐட்டம் எழுதி வச்சேன். அதுல முக்கால்வாசிக்கு வாங்கின சாமான் கெட்டுப்போவுது. இப்ப போன்ல வேற நட்சத்திரம் போடுதாங்க. ஒருத்தன் என் கடைக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டுட்டான், அருவியில தண்ணி இல்லைன்னு."

ஆவுடையம்மா சிரித்துவிட்டார்.

"அருவிக்கும் நீங்கதான் முதலாளின்னு நினைச்சிருப்பான்."

தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி," என்றார் ஆவுடையம்மா. "நாளைக்கு மத்தியானம் உங்க கடையில சாப்பிட வாரேன்."

தெய்வநாயகம் நிமிர்ந்து பார்த்தார். மடத்துக்கு வெளியே ஆவுடையம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஆனா தனியா உக்காந்து சாப்பிட மாட்டேன். பக்கத்துல ஒரு ஆள் வேணும். இந்த ஊர்க்காரங்களா இருக்கணும். சாரல் விலாஸ் நம்ம கடைன்னு வந்து சாப்பிடுற ஆளா இருக்கணும். அப்படி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க. சாப்பிட்டுட்டுப் பதில் சொல்லுதேன்."

இவ்வளவுதானா என்று இருந்தது தெய்வநாயகத்துக்கு. இருபத்திரண்டு வருஷக் கடை. ஊரில் பாதிப் பேரை அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வீடு திரும்பும் வழியெல்லாம் என்ன சமைக்கலாம் என்றுதான் யோசித்தார். சொதி வைக்கலாம், கூட இஞ்சிப் பச்சடி. மாஸ்டர் இல்லாவிட்டால் என்ன, அவரே வைப்பார்.

மறுநாள் காலையில் சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். மேகம் இன்னும் விலகவில்லை. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லை. முதலில் குரல் வரும், பிறகு ஆள் வருவார். "என்ன அண்ணாச்சி, காலையிலேயே நடை?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வெள்ளைக்குள் போய்விடுவார். தான் இன்னும் எழுந்திருக்கவில்லையோ, படுக்கையில்தான் இருக்கிறோமோ என்று தெய்வநாயகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

முதலில் தபால்காரர் மரியசெல்வத்தின் பைக் வந்தது.

"மத்தியானம் நம்ம கடைக்குச் சாப்பிட வாங்க," என்றார் தெய்வநாயகம்.

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லை. சும்மாதான்."

மரியசெல்வம் பைக்கை நிறுத்தி, தபால் பையில் கையை விட்டு ஒரு டிபன் டப்பாவை எடுத்துக் காட்டினார்.

"பதினாறு வருஷமா தூக்கிட்டுத் திரியுதேன் அண்ணாச்சி. இந்த ஊருக்கு வந்த புதுசுல உங்க கடையிலதான் சாப்பிட்டேன். தனிக்கட்டை, சமைக்கத் தெரியாது. ஆனி வந்துது. சீசன் கழிச்சு வாங்கன்னு சொன்னிய. ரெண்டு நாள் பட்டினி, மூணாம் நாள் சோறு வடிக்கப் படிச்சேன். இப்ப நம்ம சாம்பார் ரொம்ப நல்லா இருக்கும். ஒரு வாய் பாக்கியளா?"

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே டப்பாவைத் திறந்து நீட்டினார். காலை எட்டரை மணிக்கு, நடுத்தெருவில், மேகத்துக்குள் நின்றுகொண்டு தெய்வநாயகம் தபால்காரரின் சாம்பார் சாதத்தை ஒரு வாய் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

"பெருங்காயம் கொஞ்சம் கூட," என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அது எனக்குப் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு மரியசெல்வம் கிளம்பினார்.

தையல்கடை பீர்முகம்மது கதவை ஒரு பலகை மட்டும் திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்திருந்தார். மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது.

"சாப்பிடவா?" என்று கேட்டுக் கொஞ்சம் யோசித்தார் பீர்முகம்மது. "உங்க கடைப் பேரு சாரல் விலாஸ்தானே? இல்லை, மாத்திட்டியளா?"

"மாத்தலையே."

"இல்லை, அந்தப் பக்கம் வந்து வருஷம் ஆச்சா, அதான் கேக்கேன். கை கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல ஒரு நீள பெஞ்சு கிடக்கும்லா. நாங்க ஏழெட்டுப் பேரு அதுலதான் உக்காருவோம். அது இருக்கா?"

அந்த பெஞ்சை ஒரு சீசனில் வெளியே எடுத்துப் போட்டு, அந்த இடத்தில் தடுப்பு அடித்து ஃபேமிலி ரூம் ஆக்கினார் தெய்வநாயகம். சீசன் கழிந்து மறுபடி போடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு ஞாபகம் இல்லை.

"இல்லை பாய்."

"அதனால என்ன. மனசுல வச்சுக்காதிய. நீங்களும் எங்கிட்ட வெள்ளைச் சட்டைக்குத் துணி கொண்டாந்தவருதானே. நான் என்ன சொன்னேன்? சீசன் கழிச்சு வாங்கன்னேன். நீங்க தென்காசியில போய் ரெடிமேடு எடுத்திய. அப்புறம் இந்தப் பக்கம் வரலை. ஊரே வரலை. நான் யாரைக் கோவிக்க?"

பீர்முகம்மது மெஷின்மேல் போர்த்திய துணியை இழுத்துச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தெய்வநாயகம் மறுபடி நடந்தார். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், பால் சொசைட்டிக்காரர், இரும்புக்கடைக்காரர் என்று இன்னும் நாலைந்து பேரைக் கேட்டார். எல்லாரும் நின்று நல்லபடியாகப் பேசினார்கள். பேரன் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். சாப்பிட வாங்க என்றால் மட்டும் சிரித்தார்கள். ஒருத்தருக்கும் அவர்மேல் வருத்தம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. யாராவது நறுக்கென்று நாலு வார்த்தை திட்டியிருந்தால், அந்த ஆளையாவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

மணி பதினொன்று ஆகிவிட்டது. மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். நினைத்தவுடன் வெட்கமாக இருந்தது.

எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தவர் அருவிக்கரைக்கே வந்துவிட்டார். பாறை மட்டும் நின்றது, ஒரு சொட்டு இல்லை. ஆனாலும் காதில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். தண்ணீர் நின்று மாதக்கணக்கானாலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், தூக்கத்தில் இன்னும் பலமாக.

பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் காந்திமதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சாயத்து அவளை அந்த அறைக்குக் காவல் வைத்திருந்தது. தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் தினமும் வந்து அறையைத் திறந்து வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் வற்றிய அருவிக்கு எதிரே, ஆளில்லாத அறையைத் திறந்து வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தை மடியில் போட்டபடி இருந்தாள்.

"யாரு, ஓட்டல்கார அண்ணாச்சியா? தண்ணி நின்னுட்டு அண்ணாச்சி."

"குளிக்க வரலை தாயி. சாப்பிடக் கூப்பிட வந்தேன்."

காந்திமதி திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"என்னையா?"

தெய்வநாயகம் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கெடுவைச் சொன்னார். ஆவுடையம்மா கேட்டதைச் சொன்னார். காலையிலிருந்து சுற்றியதையும் சொன்னார். "நம்ம கடைன்னு சொல்லிக்க இந்த ஊர்ல எனக்கு ஒரு ஆள் இல்லை தாயி. இன்னைக்கு நீங்க வாங்க. இனிமே தினமும் வாங்க. அப்ப அது பொய் ஆகாதுல்லா."

காந்திமதி சாவிக்கொத்தை எடுத்து நாற்காலிக் கையில் மாட்டினாள்.

"இப்ப எனக்குப் பசிக்காது அண்ணாச்சி. சும்மாதானே உக்காந்திருக்கேன். வீட்டுல இருந்து கொண்டாந்த ரெண்டு வாய் பழையது போதும். சீசன்லதான் எனக்குப் பசிக்கும். காலையில அஞ்சு மணிக்கு வந்து நின்னா, விளக்கு வச்ச பிறகும் நின்ன கால்தான். ஆயிரம் பொம்பளைங்க, ஆயிரம் பை. மத்தியானம் ஒரு மணிக்குக் கண்ணு இருட்டிட்டு வரும். அப்பதான் உங்க கடை வாசனை இங்கன வரும்."

"வந்திருக்கலாமே."

"வந்தேனே. ஒரு ஆடிப்பெருக்கு. வாசல்ல நீங்கதான் நின்னிய. கையைக் காட்டினிய."

"நானா?"

"நீங்கதான். சிரிச்ச முகமாத்தான் சொன்னிய, சீசன் கழிச்சு வாங்கன்னு. திரும்பி வந்து ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டேன். தப்பாச் சொல்லலை அண்ணாச்சி, ஊர்ல எல்லாரும் சொல்லுறதுதானே."

தெய்வநாயகத்துக்கு அந்த நாள் ஞாபகம் வரவில்லை. எத்தனை பேருக்குக் கை காட்டியிருப்பார். அவள் முகத்தை இப்போதுதான் நேராகப் பார்ப்பதுபோல் இருந்தது. பதினைந்து வருஷமாக இதே வாசலில் நிற்கிறவள்.

"இன்னைக்கு வாரேன்," என்றாள் காந்திமதி. "ஆனா ஒண்ணு கேக்கேன். வர்ற ஆடிப்பெருக்கு அன்னைக்கு, உங்க கடைவாசல்ல இருந்து ரோடு வரைக்கும் ஆள் நிக்கும்போது, மத்தியானம் ஒரு மணிக்கு நான் வந்தா எனக்கு ஒரு இலை போடுவியளா? போடுவேன்னு சொல்லுங்க. இப்பவே அறையைப் பூட்டிட்டு வாரேன், பஞ்சாயத்து என்ன வேணாலும் கேக்கட்டும்."

தெய்வநாயகம் வாயைத் திறந்தார்.

ஆடிப்பெருக்கு மத்தியானம் கண் முன்னால் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்த பன்னிரண்டு பேர் குடும்பம், குழந்தை அழுகிறது, வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், "எங்களுக்கு இடம் இல்லையா?" என்று ஒருவர் சத்தம் போடுகிறார். நடுவில் ஒரு நாற்காலியில் நனைந்த சேலையோடு இவள் உட்கார்ந்து, அவசரமில்லாமல் ரசத்துக்குச் சோறு கேட்கிறாள். எழுப்ப முடியாது. வாக்குக் கொடுத்தாயிற்று.

"போடுதேன்" என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை.

காந்திமதி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அவளே அவருக்கு உதவி செய்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் இங்கனதான் இருப்பேன். எங்க போவப் போறேன்?"

பன்னிரண்டரை மணிக்குத் தெய்வநாயகம் மடத்துக்குப் போனபோது ஆவுடையம்மா தயாராக நின்றிருந்தார். துவைத்த சேலை, கையில் குடை.

"போவமா அண்ணாச்சி? எங்க, ஆளைக் காணோம்?"

"ஆள் இல்லை அம்மா."

"ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்களா?"

"ஒரு பொம்பளை வாரேன்னுச்சு. நான்தான் கூட்டிட்டு வரலை."

ஆவுடையம்மா குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தெய்வநாயகம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தபால்காரர் சாம்பாரைச் சொன்னார். பெஞ்சைச் சொன்னார். காந்திமதி கேட்டதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"பொய்யாவாவது சரின்னு சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறு மாசம் கிடக்கு, அதுக்குள்ள யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா? ஆனா அந்த முகத்தைப் பாத்துட்டுப் பொய் சொல்ல முடியலை. உண்மையாச் சொல்லவும் முடியலை. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்கு அம்மா."

"சொதி வச்சியளா?"

"வச்சேன்."

"ஆறிப்போயிருக்குமே."

"ஆறியிருக்கும்."

மேகம் மடத்து வாசல் வரை வந்து நின்றது.

"நாளை கழிச்சு வெள்ளிக்கிழமை," என்றார் தெய்வநாயகம். "கட்டடத்துக்காரர் காலையிலேயே வந்து நிப்பாரு. ஆளைக் கூட்டிட்டு வரலைதான். பதில் கேக்க எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனாலும் கேக்கேன். மூடவா, நடத்தவா? நான் அவருகிட்ட என்ன சொல்ல?"

"அருவிக்கரையில அந்தப் பொம்பளை இன்னும் உக்காந்திருக்காளா?"

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பா."

ஆவுடையம்மா எழுந்து குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் போய் அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்க. என்ன சொல்லுதியளோ, அதையே வெள்ளிக்கிழமை கட்டடத்துக்காரர்கிட்டயும் சொல்லிருங்க."